பதறாதீங்க, நல்ல சேதிதான்

போனில் "ஹலோ" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி எதிர்முனையில் இருப்பவரை அழ வைத்த மனிதர் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஒருவர்தான் இருந்தார். பிரிக்பீல்ட்ஸில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். தகவல் அண்ணன் என்பார்கள். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் உண்டு. மகளின் கல்யாணப் பத்திரிகையில் அதை அச்சடித்தபோது, "இது யாரு, பொண்ணோட அப்பாவ மாத்திட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள்.

ரயில்வே கிடங்கில் கிராணி வேலை அவருக்கு, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. அது சம்பளத்துக்கு. அவருடைய உண்மையான உத்தியோகம் சாவுச் செய்தி சொல்வது. அப்போது எங்கள் வரிசையில் பதினாறு வீடுகள். போன் இருந்தது இரண்டில். ஒரு வீட்டில் போன் இருப்பதையே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். இன்னொன்று தகவல் அண்ணனுடையது. டயலில் ஒரு குட்டிப் பூட்டு, சாவி அவர் அரைஞாணில். பக்கத்திலே ரெக்சின் அட்டை போட்ட ஒரு நோட்டு. ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆறுதல் எல்லாம் சொல்லமாட்டார். "யார் யாருக்குச் சொல்லணும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்து, பூட்டைத் திறந்து, சுழற்ற ஆரம்பித்துவிடுவார். "அவங்க அழுவாங்களா, நம்பர் தேடுவாங்களா? அழுறத அவங்க பாக்கட்டும், இத நான் பாத்துக்குறேன்" என்பது அவர் கட்சி.

செய்தி மூன்றே வாக்கியம். "பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து பேசுறேன். உங்க மாமா தவறிட்டாரு. நாளைக்கு மூணு மணிக்கு எடுக்குறாங்க." அடுத்த நொடி டக்கென்று வைத்துவிடுவார். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் "வரேன்" என்று சொல்வதில்லை அல்லவா, அந்த வழக்கத்தை அவர் போனுக்கும் கொண்டுவந்துவிட்டார். இறந்தவரின் பெயரையும் சொல்லமாட்டார். உறவைச் சொன்னால் போதாதா, அவங்க மாமா பேர் அவங்களுக்குத் தெரியாதா என்பார்.

இதனால் அவர் இழந்தது ஒன்று உண்டு. வேறு எதற்கும் அவரால் யாருக்கும் போன் செய்ய முடியாது. ஒருமுறை மளிகைக் கடைக்கு அடித்து, "பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து பேசுறேன்" என்று தொடங்கியிருக்கிறார். புழுங்கலரிசி வந்துவிட்டதா என்று கேட்கத்தான். கடைக்காரர் மனைவி "ஐயோ எங்கப்பா" என்று அலறிக்கொண்டு சரிந்துவிட்டார். அந்த அப்பா அப்போது கடை வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு தகவல் அண்ணன் அரிசி, பருப்பு எல்லாவற்றுக்கும் நடந்தே போய்க் கேட்டுக்கொள்வார். வீட்டில் போன் இருந்தும் எங்கள் வட்டாரத்தில் அதிகமாக நடந்த மனிதர் அவர்தான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில்தான் எண்பதுகளில் எண்களை மாற்றினார்கள். ஆறு இலக்கம் ஏழானது. முன்னால் ஒரு எண் சேரும்; ஒரு பக்கத்துக்கு 2, இன்னொரு பக்கத்துக்கு 3, வேறொரு பக்கத்துக்கு வேறு. அதையும் ஒரே நாளில் செய்தார்களா என்றால் இல்லை. இந்த மாதம் ஒரு பேட்டை, அடுத்த மாதம் இன்னொரு பேட்டை. பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. அதை வெட்டி வைத்துக்கொண்டவர்கள் வெட்டியதை எங்கே வைத்தோம் என்று தேடினார்கள். ஊர்க் கோடான 03 போடணுமா வேண்டாமா, 03-க்கு முன்னால் 2-ஆ பின்னால் 2-ஆ என்று காப்பிக் கடையில் நாளெல்லாம் வழக்கு. என் ஆபீஸ் பங்சாரில். அங்கும் இதே பேச்சு, பஸ்ஸிலும் இதே பேச்சு, வீட்டுக்கு வந்தால் வாசலில் நோட்டோடு தகவல் அண்ணன். இப்போது நினைத்தாலும் எனக்குக் களைப்பாகத்தான் இருக்கிறது.

"தம்பி, புதுசா வர்ற நம்பர் எதுக்கு முன்னாடி வந்து நிக்கணும்? புதுசா வந்தவன் வரிசையில கடைசியிலதானே நிக்கணும்?"

"அண்ணே, அது அவங்க வெச்ச முறை. முன்னாடிதான் போடணும்."

"நியாயமா இல்லையே தம்பி."

நியாயம் பார்த்து அவர் கடைசியில் போட்டார். அடுத்த வீதியில் ஒரு பெரியவர் இறந்தபோது செந்தூலில் இருந்த மருமகனுக்குச் சொல்ல வேண்டியது. புது எண்ணை வாலில் ஒட்டி அடித்ததில் அது செலாயாங்கில் ஒரு காய்கறி வியாபாரி வீட்டில் போய் மணியடித்தது. "பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து பேசுறேன். உங்க மாமா தவறிட்டாரு. நாலு மணிக்கு எடுக்குறாங்க." டக். யார் என்ன என்று கேட்க அந்த மனிதருக்கு வழியே இல்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. அவருக்கும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமா இருந்தார். தமிழனாகப் பிறந்தவனுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமா இல்லாமல் இருக்குமா?

மூன்று மணிக்கு ஒரு லோரி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கையில் ஆள் உயரத்துக்கு மாலை. பந்தல் போட்டிருந்த வீட்டைப் பார்த்ததும் பெண்கள் தெரு முனையிலிருந்தே மாரடித்துக்கொண்டு ஓடினார்கள். சாவு வீட்டுக்காரர்களும், அப்பாவுக்குச் செலாயாங்கில் இவ்வளவு செல்வாக்கா என்று நெகிழ்ந்துபோய்க் கட்டிப்பிடித்து அழுதார்கள். மாலை போடக் குனிந்த வியாபாரிதான் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். திரும்பிப் பார்த்தால், என்ன கூட்டம் என்று விசாரிக்க அவருடைய மாமா எதிர்ச்சாரியிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார்.

ஆனால் ஒருவரும் போகவில்லை. "வந்துட்டோம். பாதியில கெளம்பினா நல்லாவா இருக்கும்" என்று வியாபாரி சொல்லிவிட்டார். மாலையைப் போட்டு, பாடை தூக்க ஆள் கொடுத்து, எல்லாம் முடிந்து குளித்துவிட்டுத்தான் லோரி ஏறினார்கள். எட்டாம் நாளுக்கும் வந்தார்கள். செந்தூல் மருமகன் மட்டும் வரவில்லை. அவருக்குத்தான் தகவல் போகவே இல்லையே.

இது போதாதென்று அடுத்த வாரம் தகவல் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, சிரம்பான்ல சேதி சொல்ல வேண்டிய வீட்டுல ஒரு மலாய்க்காரம்மா போன எடுக்குறாங்க. ரெண்டு தடவ சேதி சொல்லிட்டேன். திரும்பத் திரும்ப மன்னிச்சுக்குங்கன்னு மலாய்ல சொல்றாங்க. பாவம், ரொம்ப மரியாதை தெரிஞ்ச பொம்பள."

ரிசீவரை வாங்கிக் கேட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை, மன்னிக்கவும் என்று பதிவு செய்த குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது மெஷின்."

"மெஷினா? என்னவிட நல்லா துக்கம் விசாரிக்குதே" என்றார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம். தகவல் அண்ணனுக்கு ஒரே மகள், கலா. தாய் இல்லாத பெண். தட்டச்சு வேலை பார்த்தாள். இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணம் கூடிவரவில்லை. ஐந்து இடம் வந்து பார்த்து, காப்பி குடித்து, "சொல்லியனுப்புறோம்" என்று போய், சொல்லியனுப்பவில்லை. எந்த நேரமும் சாவு பேசுகிற வீட்டில் பெண் எடுப்பதா என்று இரண்டு இடத்தில் வெளிப்படையாகவே பேசினார்கள். இது தகவல் அண்ணன் காதுக்கும் வந்தது. அன்றைக்கு மட்டும் அவர் நோட்டைத் தொடவில்லை. மறுநாள் யாரோ இறந்துவிட்டார்கள், மறுபடியும் தொட்டுவிட்டார்.

ஆறாவதாகக் கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையன் துறைமுகத்தில் வேலை. அமைதியான பிள்ளை. கலாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது என்று அவளே என் மனைவியிடம் சொன்னாள். அதுவரை வந்த ஐந்து பேரைப் பற்றியும் அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது தெரிந்ததிலிருந்து தகவல் அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பையனின் அம்மா நல்ல வாட்டசாட்டமான மனுஷி. நாங்களும் கூடவே உட்கார்ந்திருந்தோம். தகவல் அண்ணன் "வாங்க, உக்காருங்க" என்றதுமே அந்த அம்மா புருவத்தைச் சுருக்கினார்.

"உங்க குரல எங்கேயோ கேட்டிருக்கேனே."

"இருக்காதும்மா."

"இந்தப் பக்கம் இருந்த எங்க அண்ணன் தவறினப்ப ஒருத்தர் போன் பண்ணாரு. பேரும் சொல்லல. வரேன்னும் சொல்லல. டக்குனு வெச்சிட்டாரு. நான் போனக் கையில வெச்சிட்டு நின்னேன் பாருங்க. அந்த ஆள என்னைக்காவது பாத்தா நல்லா நாலு வார்த்த கேக்கணும்."

தகவல் அண்ணன் காப்பி பார்க்கிறேன் என்று அடுப்படிக்குப் போனவர், திரும்பி வந்தபோது கீச்சுக் குரலில் பேசினார். சம்பந்தம் பேச வந்தவர்கள் கிளம்பும்வரை, ஒன்றரை மணி நேரம், அந்தக் குரலிலேயே பேசினார். தொண்டை கட்டிக்கொண்டது என்று நான்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது அந்த அம்மா, "புதன்கிழமைக்குள்ள போன் பண்ணுறோம்" என்றார். தகவல் அண்ணன் ஒரு தாளில் நம்பர் எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாவும் தன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

புதன் வந்தது. போன் வரவில்லை. வியாழன், வெள்ளியும் போனது. தகவல் அண்ணன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் காதில் வைத்து, சத்தம் வருகிறதா என்று பார்த்து வைப்பார்.

"அண்ணே, நீங்க எடுத்து எடுத்துப் பாத்தா வர்ற போன் எப்படி வரும்?"

"எடுத்துப் பாக்கலன்னா செத்துப் போச்சான்னு எப்படித் தெரியும்?"

கலா வேலையிலிருந்து வந்ததும் அப்பா முகத்தைப் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். எனக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நான் கேட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு எந்த நம்பர் எழுதிக் குடுத்தீங்க?"

"என் நம்பர்தான்."

"நம்ம பேட்டை நம்பருக்கெல்லாம் முன்னாடி திங்கக்கிழமையிலேர்ந்து 2 சேத்துட்டாங்களே, அதையும் எழுதினீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். "எட்டு வருஷமா இருக்குற நம்பர் தம்பி. என்னைக் கேக்காம மாத்துவாங்களா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஊருக்கெல்லாம் எண் மாறும், அவருக்கு மட்டும் மாறாது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். கிள்ளான்காரர்கள் வாரம் முழுவதும் அந்த மலாய்க்கார அம்மாவோடுதான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

சரி, நாமே கூப்பிடலாம் என்றால் அதிலும் சிக்கல். பெண் வீட்டார் முதலில் போன் செய்தால் அவசரப்படுகிறார்கள் என்று ஆகிவிடும். அதைவிட, அவர் குரலைப் போனில் கேட்டால் அந்த அம்மாவுக்கு அண்ணன் சாவு ஞாபகம் வரும். நல்ல காரியத்துக்கு முதல் போனே அப்படியா அமைய வேண்டும்? எனவே நான் பேசுவது என்று முடிவானது. கிள்ளானுக்கு 03 தேவையில்லை, ஒரே கோட்தான் என்றேன். அவர் கேட்கவில்லை. "வெளியூர் போறப்ப செருப்பு போட்டுக்குறதில்லையா, அது மாதிரி போடுங்க தம்பி." போட்டேன். மலாய்க்கார அம்மா. போடாமல் அடித்தேன். மலாய்க்கார அம்மா. முன்னால் ஒரு 3 சேர்த்து அடித்தேன். ஒரு சீனர் எடுத்தார். டயர் கடையாம். காலையிலிருந்து ஊரில் உள்ளவன் எல்லாம் தன்னிடம்தான் பெண் கேட்கிறான், மீன் கேட்கிறான், டாக்டர் கேட்கிறான் என்று மலாயில் அழாக்குறையாகச் சொன்னார். அந்த அம்மா எழுதிக் கொடுத்த நம்பரில் 1-ஆ 7-ஆ என்று ஒரு எண் எங்களுக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவையும் சீனர்தான் எடுத்தார். மூன்றாம் தடவை போடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் கதவு மூலையில் ஒரு குடை கண்ணில் பட்டது. அந்த அம்மா விட்டுப்போன குடை. குடையைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரன் போனால் அது முறைகேடு ஆகாது. இப்படித்தான் வாரத்தில் கிடைத்த ஒரே அரைநாள் லீவில், கொளுத்துகிற வெயிலில், ஒரு பெண்பிள்ளைக் குடையை விரிக்கவும் முடியாமல் மடக்கிப் பிடித்துக்கொண்டு கிள்ளான் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

கதவைத் திறந்ததும் அந்த அம்மா பிடித்துக்கொண்டார். "வாங்க. இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லலாம்லா. போன வெட்டிட்டுப் போகணுமா? நாலு நாளா நம்பர் இல்ல நம்பர் இல்லங்குது. பொண்ணு வீட்டுக்காரங்க ஓடிட்டாங்கன்னு எங்க ஆளுங்கல்லாம் சிரிக்கிறாங்க. நாளைக்கு சுபாங் ஜெயாவுல வேற பொண்ணு பாக்கப் போறோம்."

பையன் உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு சுபாங் ஜெயா போக விருப்பமில்லை என்பது அவன் முதுகிலேயே தெரிந்தது.

நான் 2-ஐப் பற்றிச் சொன்னேன். 3-ஐப் பற்றிச் சொன்னேன். டயர் கடையைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை போய்விட்டது. கடைசியில், "ஒரே ஒரு தடவ முன்னாடி 2 போட்டு அடிச்சுப் பாருங்கம்மா" என்று கெஞ்சினேன். அந்த அம்மா என்னை முறைத்துக்கொண்டே அடித்தார். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார் தகவல் அண்ணன். நாலு நாளாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவர் அல்லவா.

"பொண்ண எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றார் அந்த அம்மா.

கீச்சுக் குரலை அவர் மறந்துவிட்டார். சந்தோஷத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே மாதிரியில்தான் பேச வந்தது. எனக்கே கேட்டது. "பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து பேசுறேன். எங்களுக்கும் பிடிச்சிருக்கு. தேதி நீங்களே பாருங்க." டக்.

அந்த அம்மா ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எல்லாம் போச்சு, குடையைக் கொடுத்துவிட்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

"இவருதானா அவரு?" என்றார்.

"ஆமாம்மா."

நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க அண்ணி அன்னைக்கு மயங்கிக் கெடந்தாங்க. பிள்ளைங்க சின்னதுங்க. அந்த வீட்டுல எனக்குச் சொல்ல ஆளே இல்ல. இவரு சொல்லலன்னா எங்க அண்ணன் முகத்த நான் பாத்திருக்க மாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா வரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வெச்சிருக்கலாம்."

மறுபடியும் அடித்தார். "சம்பந்தி, நான்தான். நல்ல சேதி பேசினா வரேன்னு சொல்லிட்டுத்தான் வைக்கணும். சொல்லுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து "வரேம்மா" என்று கேட்டது. அழுதுகொண்டிருந்தார் மனிதர். போனில் அத்தனை பேரை அழவிட்டவர், அன்றைக்குத்தான் தானும் அழுதார்.

நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது குடை என் கையிலேயே இருந்தது. அது பிறகு கலாவின் சீர்வரிசையோடுதான் கிள்ளானுக்குப் போனது.

கல்யாணத்துக்கு ஊரைக் கூப்பிடுவது இன்னொரு கூத்து. நோட்டு முழுக்க எண் தப்பு. கலாதான் ஒரு வாரம் உட்கார்ந்து, சிவப்பு மையில், ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் 2-ம் 3-ம் சேர்த்து எழுதிக் கொடுத்தாள். அவர் குரலைக் கேட்டால் அழுவார்களே என்று, எடுத்த எடுப்பில் "பதறாதீங்க, நல்ல சேதிதான்" என்று சொல்லச் சொன்னேன். அப்படியும் பங்சார் பாட்டி ஒருவர், "கல்யாணம்" என்று இவர் தொடங்கியதுமே, "கல்யாணச் சாவா? எத்தன வயசு?" என்று கேட்டிருக்கிறார். "இருபத்தெட்டு" என்று இவர் சொல்ல, அந்தப் பக்கம் ஒரே ஓலம்.

பிறகு நான் சுபாங் ஜெயா பக்கம் வீடு மாறிப் போய்விட்டேன். எங்கள் வீட்டுக்கும் போன் வந்தது. எங்கே விசாரித்து வாங்கினாரோ, நான் யாருக்கும் எண் தருவதற்கு முன்பே மணியடித்தது.

"பதறாதீங்க, நல்ல சேதிதான்."

"சொல்லுங்கண்ணே."

"ஒண்ணுமில்ல தம்பி. நம்பர் வேல செய்யுதான்னு பாத்தேன். வரேன்."

இப்படி மாதத்துக்கு ஒருமுறை, சில மாதம் இரண்டு முறை. பெரும்பாலும் நான் சாப்பிட உட்காரும்போது. பேசுவதற்கு அவரிடமும் ஒன்றும் இருக்காது, என்னிடமும் இருக்காது. எனக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். அதை மறைத்ததும் இல்லை. "நம்பர் மாறினா நானே சொல்றேண்ணே" என்பேன். "நீங்க சொல்ல மாட்டீங்க தம்பி" என்பார், வரேன் சொல்லி வைப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மணியடித்தது. கையைக் கழுவிக்கொண்டு, அலுத்துக்கொண்டேதான் எடுத்தேன். கலா. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"சித்தப்பா, கலா பேசுறேன். அப்பா தவறிட்டாரு. நாளைக்கு மூணு மணிக்கு எடுக்குறோம்."

வரேன் சொல்லாமல் வைத்துவிட்டாள். அப்பாவின் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த நம்பருக்குப் போயிருப்பாள்.

ரிசீவர் என் கையில் இருந்தது. ராங் நம்பர்மா என்று அவளிடம் சொல்லியிருக்கலாம் போலிருந்தது.